ரசீதின் பின்பக்கம்

தாயக்கட்டை இல்லை என்றதும்
பெனடிக்ட் பாதி எழுந்துவிட்டான்.
அப்போ என்னத்த உருட்டுறது?
ஒன்றும் உருட்ட வேண்டாம், உட்காரு.
இதில் வாய்க்குத்தான் வேலை.

பொகவந்தலாவையில் ஞாயிறு மாலை.
போன் திருத்தும் என் கடையின் தகரக் கதவை
முக்கால்வாசி இறக்கியாயிற்று.
கண்ணாடிப் பெட்டிமேல் வரைபடம்:
ஏழு நாடுகள், நடுவில் கடல்,
மடிப்பில் கிழிந்து
செலோடேப் ஒட்டிய ஒரு மலைத்தொடர்.
காணாமல் போன படைகளுக்குப் பள்ளிச் சட்டைப் பொத்தான்.
கப்பல்களுக்குத் தேயிலை விதை.
உருண்டு ஓடும்.
கப்பல் அல்லவா, அப்படித்தான் என்பேன்.

எப்போதும் தவறான இடத்தில்தான் தொடங்குவேன்.
எல்லை, ஆதரவு, முற்றுகை,
சொல்லச் சொல்ல ஆறு முகத்திலும் பனி இறங்கும்.
இந்த முறை புத்தகத்தை மூடிவிட்டேன்.
பத்து நிமிடம் யாரோடும் பேசலாம்.
என்ன வாக்கும் கொடுக்கலாம்.
பிறகு ஆளுக்கொரு துண்டில்
இரகசியமாக உத்தரவு எழுதி
ஒன்றாகத் திறப்போம்.
சொன்னதைச் செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ரிஸ்மியா சிரித்தாள்.
நுவன் சிங்களத்தில் இன்னொரு தடவை கேட்டு
உறுதி செய்துகொண்டான்.
புவிராஜும் அவன் மச்சானும்
அப்போதே கண்ணால் பேசத் தொடங்கிவிட்டார்கள்.
புஷ்பலீலா மட்டும் பிளேன்டீயைக் கீழே வைத்தாள்.
கட்டாயம் இல்லையா,
இல்ல, யாரும் கேக்க மாட்டாங்களா?

இரண்டும் வேறு வேறு என்று
ஒன்பது வருடம் இந்தப் பெட்டியை வைத்திருந்தும்
எனக்குத் தோன்றியதில்லை.
அவள் மேல்பிரிவில் பிள்ளைக்காம்பரா பார்ப்பவள்.
முப்பத்தொரு பிள்ளை, இரண்டு ஊஞ்சல்.

பேசுவதற்கு வெளியே போனார்கள்.
மழை விட்ட தெருவைப் பனி மூடியிருந்தது.
ஒரு குடைக்குக் கீழே நான்கு செருப்பு.
கொஞ்சம் கழித்து, அதே குடை, வேறு இரண்டு செருப்பு.
பூட்டிய மரக்கறிக் கடை ஓரம் ஓர் இருமல்,
அது பெனடிக்ட்.

புதியவர்கள் முதலில் பொய் சொல்வதே இல்லை.
பொத்தான்கள் மரியாதையாக
ஒன்றுக்கொன்று வழிவிட்டன.
அடுத்த சுற்றும் கல்யாணப் பந்தி மாதிரி
நீங்க முதல்ல, இல்ல, நீங்க.
யாராவது பக்கத்து இலையில் கைவைத்தால்தான்
விளையாட்டுத் தொடங்கும்.

அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.
பாடம் சொல்வதாகவும் சொல்லிக்கொண்டேன்.

வடக்குக் கடல் யாருக்கும் வேண்டாம் என்று
புஷ்பலீலாவோடு பேசி முடித்தேன்.
அவள் என் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினாள்:
ரெண்டு பேரும் இறங்குவதில்லை.
கையெழுத்து வைங்க.
விதியில் இல்லையே.
கூடாதுன்னும் இல்லையே.

வைத்தேன்.
கொழும்பில் யாரோ வைத்த கையெழுத்துக்கு
பெரட்டில் நின்று கணக்குக் கேட்டவள்
அவள் அம்மா என்பது
பிறகுதான் தெரியும்.

துண்டுகள் திறந்தன.
என் தேயிலை விதை கடலில் இறங்கியது.
ஐயோ என்றாள் ரிஸ்மியா.
நுவன் பெட்டியைத் தட்டியதில்
இரண்டு நாடுகள் இடம் மாறின.
அந்த நொடியில் எல்லோருக்கும் விளையாட்டுப் பிடிபட்டது.

புஷ்பலீலா கோபப்படவில்லை.
ரசீதை எடுத்து, எழுத்து மேலே தெரிய,
கடலின்மேல் விரித்து வைத்தாள்.

அடுத்த பத்து நிமிடம்
என்னிடம் பேச யாரும் வரவில்லை.
குடைகள் போயின, வந்தன.
ஆறிய டீயோடு என் தலைநகரத்தைக்
காவல் காத்தேன்.
ஏழரைக்கு நாடு முடிந்தது.
பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

கடைசி பஸ் ஹார்ன் அடித்தபோது
அவள் ரசீதை மடிக்கப்போய்
முன்பக்கத்தைப் பார்த்தாள்.
இதுல யாரோ உங்களுக்கு
எண்ணூறு ரூபா பாக்கின்னு இருக்கு.

யார் பெயர்?

பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.
அடுத்த ஞாயிறு பேசுவோம்.